மங்கிய குரோமை என்ன செய்வது: பெயின்டா, பவுடரா, ஸ்டிக்கரா?

என்னிடம் நிற்பது ஒரு பழைய இசுசு எல்ஃப் லொறி. முன் பம்பர், கிறில், பக்கக் கண்ணாடி மூடிகள், கதவுப் பிடிகள், சில்லு மூடிகள் எல்லாம் குரோம். பெட்டியின் இரண்டு பக்கமும் பிறகு பூட்டிய காவல் குழாய்களும் அதே பளபளப்புத்தான். கழுவித் துடைத்துக்கொண்டு போய் முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்தினால், கச்சான் விற்கிற அம்மாவே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அது நாலைந்து வருடத்துக்கு முந்திய கதை.

மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியால் முல்லைத்தீவுக்கு ஐஸ் ஏற்றிப் போய் மீன் பெட்டி ஏற்றி வருகிற வண்டி இது. பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். நெல் அறுவடை என்றால் கிறவல் ஒழுங்கைகளுக்குள் இறங்கும். முன்னால் ஒரு டிப்பர் ஓடினால், அது கிளப்புகிற கல் எல்லாம் பம்பருக்குத்தான். இப்போது பம்பரின் கீழ் விளிம்பு முழுக்கக் குண்டூசித் தலையளவு கறள் பொட்டுகள். ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தேன், பூச்சு மீன் செதில் மாதிரி எழும்பி வந்தது.

புதிது வாங்கி மாட்டலாமே என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வண்டிகளின் உதிரிப்பாகங்களுக்கு ஏறிய விலை, 2025இல் இறக்குமதி திரும்பவும் தொடங்கிய பிறகும் என் கைக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கவில்லை. அப்படியும் என் மச்சான் ஒரு புதுக் குரோம் பம்பர் வாங்கிப் பூட்டினார். ஒரு மாரி முடிய அதிலும் பொட்டு விழுந்துவிட்டது. சரி, குரோமே வேண்டாம், நிறத்தை மாற்றிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். எப்படி மாற்றுவது என்பதில்தான் எனக்குக் காசும் காலமும் போனது. அந்தச் செலவை நீங்களும் செய்ய வேண்டாம்.

முதல் வேலை பெயின்ட் கடைக்குப் போவது அல்ல, ஒரு காந்தம் தேடுவது. பழைய ஸ்பீக்கரில் இருக்கிறது போதும். பம்பரில் வைத்தேன், டப் என்று ஒட்டியது. அது இரும்புத் தகட்டின் மேல் குரோம். கிறிலிலும் கண்ணாடி மூடியிலும் கதவுப் பிடியிலும் ஒட்டவில்லை. நகத்தால் தட்டினால் மொட்டைச் சத்தம். அதெல்லாம் பிளாஸ்டிக்கின் மேல் குரோம். காவல் குழாயிலும் ஒட்டவில்லை, ஆனால் தட்டினால் கணீர் என்றது. அது குரோமே அல்ல, மினுக்கிய ஸ்டெயின்லெஸ் குழாய். குரோம் என்று நான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டு திரிந்தது மூன்று வேறு வேறு சாமான். மூன்றுக்கும் ஒரே மருந்து போட்டால் ஒன்று தப்பும், இரண்டு கெடும். இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

குரோம் என்பது ஒரே ஒரு பூச்சு இல்லை. நல்ல வேலை என்றால் கீழே செம்பு, அதற்கு மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிசாகக் குரோமியம். அந்தக் குரோமியப் படலம் ஒரு மைக்ரோனைக்கூட எட்டாது. தலைமுடி ஒன்றின் தடிப்பே ஐம்பது, நூறு மைக்ரோன் வரும், அதோடு வைத்துப் பாருங்கள். பளபளப்பில் பெரும் பங்கு உண்மையில் நிக்கலுடையது. பழைய ஆட்கள் இதை ‘நிக்கல் பூச்சு’ என்று சொல்வதில் பிழையே இல்லை. குரோமியத்தின் வேலை அந்த நிக்கல் மங்காமலும் கீறுப்படாமலும் பார்ப்பது. காற்றுப் பட்டவுடன் அது தன் மேலேயே ஒரு ஒக்சைட் தோலைப் போர்த்திக்கொள்ளும். கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, கல்லு மாதிரிக் கடினம். அழுக்கு ஒட்டாததற்கு எது காரணமோ, பெயின்ட் ஒட்டாததற்கும் அதுதான் காரணம்.

கறள் எப்படி வருகிறது என்றால், அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் வெடிப்புகளும் உண்டு. கல்லடி பட்டால் இன்னும் கூடும். அவற்றுக்குள்ளால் உப்புத் தண்ணீர் இறங்கி இரும்பைத் தொட்டதும் அடியில் கறள் ஊதத் தொடங்கும். மேலே தெரிவது குண்டூசித் தலைதான், அடியில் ஐந்து சத அளவுக்கு ஓடியிருக்கும். அதற்கு மேல் எதை அடித்தாலும் கறளை மூடி வைத்து வளர்ப்பதாகத்தான் முடியும்.

பொட்டு இன்னும் ஆழமாகப் போகவில்லை என்றால் நிறம் மாற்றாமலே சமாளிக்கலாம். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேலோட்டமான கறள் போய்விடும். குரோமை விட அலுமினியம் மிருது, அதனால் கீறு விழாது. துடைத்து மெழுகு பூசிவிட்டால் ஒரு போகம் தாங்கும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. தகடு எழும்பத் தொடங்கிவிட்டதென்றால் இது வீண் வேலை.

இனி பெயின்ட். இதில்தான் நான் முதலில் விழுந்தேன். பொங்கலுக்கு வண்டி வடிவாக நிற்க வேண்டும் என்று மார்கழியில், அதுவும் மழை விட்ட ஒரு பின்னேரத்தில், இரண்டு கறுப்பு ஸ்ப்ரே டின் வாங்கி பம்பரைத் துடைத்துவிட்டு நேரே குரோமுக்கு மேலேயே அடித்தேன். பொங்கல் அன்று பார்த்தவர்கள் எல்லாம் ‘புதுசோ?’ என்று கேட்டார்கள். மாசியில் வண்டியைச் சர்வீசுக்கு விட்டேன். பிரஷர் தண்ணீர் பட்டதும் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று வெங்காயச் சருகு மாதிரிக் கழன்று பறந்தது. கழுவிக்கொண்டு நின்ற பொடியன் என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு ஒரு பெயின்டர் அண்ணையிடம் போனேன். டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையுமாக முப்பது வருடம் பழகியவர். அவர் சொன்னது சுருக்கம்: “தம்பி, குரோமுக்குப் பெயின்ட் பிடிக்காது. பிடிக்க வைக்கோணும்.” பிடிக்க வைப்பது என்றால் முதலில் மினுக்கத்தைச் சாகடிப்பது. 180 அல்லது 220 சாண்ட் பேப்பரில் தொடங்கி, 320இல் கீறை மெல்லிசாக்கி, 400 வோட்டர் பேப்பரோடு நிறுத்த வேண்டும். ஈரம் காய்ந்த பிறகு பம்பரைச் சரித்துப் பார்த்தால் எங்கேயும் ஒரு மினுக்கப் பொட்டுக்கூடத் தெரியக் கூடாது, முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி இருக்க வேண்டும். மினுக்கம் மிஞ்சிய இடம்தான் நாளைக்குக் கழறுகிற இடம். தகடு எழும்பிய மூலைகளில் எழும்பியதெல்லாம் போகும் வரைக்கும் சுரண்டி, இரும்பும் நிக்கலும் சந்திக்கிற விளிம்பை விரல் வைத்தால் படி தட்டாத அளவுக்கு இறக்க வேண்டும். இதற்கே எனக்கு ஒன்றரை நாள் போனது.

கழுவுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, எங்கள் பக்கத்துக்கென்றே உள்ளது. வன்னிக் கிணறுகளில் நிறைய இடத்தில் தண்ணீர் கடினம். கேத்திலுக்குள் படிகிற வெள்ளைதான் தேய்த்த இரும்பிலும் பொட்டாகப் படியும். அதற்கு மேல் பெயின்ட் அடித்தால், அந்த உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்பளம் கட்டும். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், அல்லது தானாகக் காய விடாமல் உடனே துடைத்து எடுங்கள். ரயர் மினுக்கப் பூசுகிற எண்ணெயை அந்த வாரம் வண்டிக்குக் கிட்டவே கொண்டு போகாதீர்கள். அதில் உள்ள சிலிக்கோன் கொஞ்சம் பட்டாலும் பெயின்ட் ஒதுங்கி மீன் கண் மாதிரிக் குழி குழியாக நிற்கும்.

பிறகு எபொக்சி பிறைமர் என்கிற அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம், அதற்கு மேல் ஹாட்னர் (பூச்சை இறுக வைக்கிற மருந்து) கலந்த கிளியர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சு. ஹாட்னர் கலக்காத சாதாரண ஸ்ப்ரே டின் காய்ந்த பிறகும் பெற்றோலோ தின்னரோ பட்டால் இளகும். ஹாட்னர் கலந்தது தாங்கும். ஒன்றை மறக்கக் கூடாது: அந்த ஹாட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, சுவாசப் பைக்கு நல்லதல்ல. துணி கட்டிக்கொண்டு அடிப்பதை விட அடிக்காமல் விடுவது மேல். அதற்கென்று வடிகட்டி போட்ட மாஸ்க் வேண்டும். குரோமைத் தேய்க்கும்போதும் காய்ந்த தூசு பறக்க விடாமல் ஈரத்தோடேயே தேயுங்கள்.

பெயின்டின் பெரிய நல்ல விஷயம், கல் பட்டுச் சிதைந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம் என்பது. பிளாஸ்டிக் கிறிலுக்கும் கண்ணாடி மூடிக்கும் இதை விட நல்ல வழி இல்லை. ஒரே எச்சரிக்கை: அசிற்றோன், கடும் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக் கரைந்து பிசுபிசுத்துவிடும். தேய்க்கும்போது குரோம் போய்ப் பிளாஸ்டிக் வெளியில் தெரிந்தால் அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் பிறைமர் ஒரு கை போட வேண்டும். கெட்ட விஷயம் என்ன? வேலைதான். பெயின்டுக்குப் போகிற காசை விட தேய்ப்புக்குப் போகிற கூலி கூட.

பவுடர் கோட்டிங் பற்றி இப்போது எல்லோருக்கும் ஒரு மயக்கம். கேற்றும் யன்னல் கிறிலும் செய்கிற பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். மின்னேற்றிய தூளை இரும்பில் ஊதி, அடுப்புக்குள் வைத்து ஏறக்குறைய 180 முதல் 200 பாகை வரை சூடாக்கினால் தூள் உருகி ஒரே தோலாகப் பிடிக்கும். சாதாரணப் பெயின்டை விடத் தடிப்பு, கல்லடிக்கு நன்றாகத் தாங்கும். இரும்புப் பம்பருக்கு, ஒழுங்காகச் செய்தால், என் தீர்ப்பு இதற்குத்தான்.

அந்த ‘ஒழுங்காக’வுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் டிப்பரின் முன் காவல் கம்பியை, அது இரும்புக்கு மேல் குரோம், ஒரு பட்டறையில் கொடுத்தார். அவர்கள் குரோமைக் கழற்றாமல் மேலோட்டமாக உரசிவிட்டுத் தூளை அடித்துவிட்டார்கள். எடுத்து வரும்போது அருமையாக இருந்தது. அடுத்த மாதம் ஒரு கல் பட்ட இடத்திலிருந்து பூச்சு நீளத்துக்கு, வாழைத்தண்டுப் பட்டை மாதிரி, உரிந்து வந்தது. உள்ளே பழைய குரோம் பளபளவென்று சிரித்தது. பவுடர் ஒரு முழுத் தோல். பிடித்தால் உடும்பு, பிடிக்காவிட்டால் முழுசாகக் கழறும். இன்னொரு வில்லங்கமும் உண்டு: குரோமின் வெடிப்புகளுக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் அடுப்புச் சூட்டில் வெளியே வரும்போது பூச்சில் பொக்குளமும் ஊசி ஓட்டையும் விழும்.

ஆகவே பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. “குரோமைக் கழற்றித் தருவீர்களா?” என்பதுதான். இரண்டாவது, “அடுப்புக்குள் என் பம்பர் போகுமா?” கேற் துண்டு துண்டாகப் போகும், லொறிப் பம்பர் முழு நீளமாகத்தான் போக வேண்டும். மூன்றாவது, தூள் என்ன இனம். எபொக்சித் தூள் வீட்டுக்குள் இருக்கிற சாமானுக்கு நல்லது, வெயிலில் நின்றால் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துவிடும். வெளியில் நிற்கிற வண்டிக்குப் பொலியெஸ்டர் தூள் வேண்டும். பிளாஸ்டிக் சாமான்களை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். 200 பாகை அடுப்புக்குள் கிறிலை வைத்தால் வெளியே எடுக்கக் கிறில் இருக்காது.

குரோமைக் கழற்றுவது என்றதும் சிலர் யூடியூப்பைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே தொடங்குகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைத்தால் குரோம் கரையும், உண்மைதான். கோஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டு பற்றரியைத் தலைகீழாகக் கொடுத்தாலும் கழறும். அப்படிக் கழறும்போது அந்தத் தண்ணீர் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள்தான் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்குகிறது என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட நஞ்சு. அதை எங்கே ஊற்றுவீர்கள்? வளவின் மூலையில் ஊற்றினால் நிலத்தடித் தண்ணீருக்குள்தான் இறங்கும், அந்த வளவில்தான் கிணறும் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நடுநிலை இல்லை. கழிவைக் கையாளத் தெரிந்த முலாம் பட்டறையில் கொடுங்கள், முடியாவிட்டால் கழற்றாமல் தேய்த்து பெயின்ட் அடியுங்கள்.

முலாம் பட்டறை என்றதும் கறுப்பு குரோமையும் சொல்லிவிட வேண்டும். பழையதைக் கழற்றி, மினுக்கி, திரும்ப நிக்கல் போட்டு, மேலே கறுப்பு முலாம். பார்க்க ஆழமான கறுப்பு, கண்ணாடி மாதிரி. கொழும்புக்கு அனுப்பி எடுக்கிற செலவையும் கூலியையும் கூட்டிப் பார்த்தேன், மீன் ஏற்றுகிற லொறிக்கு இது பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நாற்று நடுகிற கதை. கல்லடி பட்டால் திருத்தவும் முடியாது. கல்யாண வாடகைக்கு ஓடுகிற வாகனம் வைத்திருப்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

ஸ்டிக்கரை நான் முதலில் நக்கலாகத்தான் பார்த்தேன். இப்போது கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. குரோமின் வழுவழுப்பு பெயின்டுக்குப் பகை, ஸ்டிக்கருக்கு நண்பன். தேய்க்கத் தேவையில்லை, கழுவி அற்ககோல் போட்டுத் துடைத்தால் போதும். வேண்டாம் என்றால் சூடு காட்டி உரித்துவிடலாம், அடியில் குரோம் அப்படியே இருக்கும். லீசிங்கில் ஓடுகிற வண்டி, இரண்டு வருடத்தில் விற்கப் போகிற வண்டி என்றால் இதுதான் புத்தி. கண்ணாடி மூடி, கதவுப் பிடி, கதவோரப் பட்டி போன்றவற்றுக்குப் பொருத்தம். வளைவான இடத்தில் இழுத்து ஒட்டினால் முடிவில் ஒருமுறை நன்றாகச் சூடு காட்டி அதன் ‘நினைவை’ அழிக்க வேண்டும். இல்லையென்றால் வைகாசி வெயிலில் அது தன் பழைய அளவுக்குச் சுருங்கி விளிம்பால் எழும்பும். எழும்பிய விளிம்பில் கிறவல் தூசு போய் ஒட்டினால் பிறகு அழுத்தி ஒட்டவே முடியாது. ஸ்டிக்கரிலும் காஸ்ட் என்கிற இனம் இழுபட்டுப் படியும், விலை கூட. மலிவானது தட்டையான இடத்துக்கு மட்டும் சரி. ஒன்று, கறள் பொட்டு இருந்தால் அதற்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், அம்மைத் தழும்பு மாதிரி வெளியில் காட்டும்.

உரிக்கக் கூடிய ரப்பர் ஸ்ப்ரேயும் இதே இனம்தான். ஐந்து, ஆறு கை தடிப்பாக அடித்தால்தான் பிறகு துண்டாக உரியும், மெல்லிசாக அடித்தால் நகத்தால் சுரண்ட வேண்டி வரும். பெற்றோல் பட்டால் கரையும். பிரஷர் தண்ணீர் விளிம்பில் பட்டாலும் பாதுகாப்பில்லை. நிறம் பிடிக்குமா என்று பார்க்க நல்லது, அதற்கு மேல் நான் நம்பமாட்டேன்.

ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு எதுவும் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. கழறுவதற்கு அதில் பூச்சே இல்லை. மங்கினால் மினுக்கலாம், ஆயுளுக்கும் மினுக்கலாம். கட்டாயம் கறுப்புத்தான் வேண்டும் என்றால் அதையும் தேய்த்து, எட்ச் பிறைமர் (உலோகத்தைக் கொஞ்சம் அரித்துப் பிடிக்கிற அடிப்பூச்சு) போட்டுத்தான் அடிக்க வேண்டும்.

சில்லுப் பக்கம் வந்தால் அழகை ஒரு பக்கம் வையுங்கள். பிளாஸ்டிக் நட் மூடிகளுக்கு எந்த நிறமும் அடிக்கலாம். ஆனால் நட் போய் அமர்கிற சரிவிலோ, றிம்மும் ஹப்பும் முட்டுகிற முகத்திலோ பெயின்டும் கூடாது, பவுடரும் கூடாது. அந்தப் பூச்சு ஓடும்போது நசுங்கி மெலியும், மெலிந்த அளவுக்கு நட் தளரும். பாரம் ஏற்றிய லொறியில் சில்லு கழன்றால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை. அந்த இடங்களுக்கு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள், பூட்டி ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒருக்கா இறுக்கிப் பாருங்கள். சில்லு ஆணிகளையும் நட்டுகளையும் குரோம் கழற்றுகிறோம் என்று அமிலத்துக்குள் போடவே கூடாது, உரமான உருக்கு அமிலத்தில் ஊறினால் உள்ளுக்குள் நொறுங்குகிற தன்மை வந்துவிடும்.

எந்த நிறம்? எல்லோரும் கறுப்பு என்கிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். மினுங்கும் கறுப்பில் சிவப்புக் கிறவல் தூசு ஒரு மணித்தியாலத்தில் படிந்து வண்டி கழுவாத மாதிரி நிற்கும். மினுக்கமே இல்லாத மட் கறுப்பில் எண்ணெய்க் கை பட்டால் அடையாளம் போகாது, மினுக்கித் திருத்தவும் முடியாது. கடைசியில் அரை மினுக்கமான கடும் சாம்பலுக்கு வந்தேன். தூசையும் மறைக்கிறது, கல்லடியும் தூரத்துக்குத் தெரியவில்லை. முழுக் கறுப்புக்கு இன்னொரு குறை, இரவு. மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலும் பரந்தன் முல்லைத்தீவு ஏ35இலும் இரவில் இருட்டான நீட்டு நிறைய. மாடு படுத்திருக்கும், யானையும் குறுக்கே வரும். வெளிச்சம் பட்டால் குரோம் தூரத்திலேயே மின்னிக் காட்டும், கறுப்பு பம்பர் இருட்டோடு இருட்டாகிவிடும். நிறம் மாற்றினால் பம்பரின் இரண்டு முனையிலும் ஒளி தெறிக்கிற பட்டி ஒட்டிவிடுங்கள். அதோடு, 2025 தொடக்கத்தில் பொலிசார் மேலதிகமாகப் பூட்டிய அலங்காரச் சாமான்களைக் கவனித்துக் கழற்றச் சொல்லத் தொடங்கினார்கள். நிறம் மாற்றக் காசு செலவழிக்க முன்னர் அந்தச் சாமான் வண்டியில் இருக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். நான் கூரை மேல் பூட்டியிருந்த கம்பியை அடிக்காமலே கழற்றி வைத்துவிட்டேன்.

பெயின்ட் அடிக்கிற காலமும் இங்கே ஒரு சிக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் ஈரக் காற்றும், அந்த ஈரத்தில் பெயின்ட் பால் பூத்த மாதிரி வெளுக்கும். நான் மார்கழியில் அடித்தது இரண்டாவது பிழை. தை, மாசியில் காலம் நல்லது, ஆனால் காலபோக அறுவடை, லொறிக்கு ஓய்வில்லை. வைகாசியில் சோளகக் காற்றுத் தொடங்கினால் ஈரப் பெயின்டில் புழுதி வந்து ஒட்டும். மிஞ்சுவது பங்குனியும் சித்திரையும். பின்னேரத்தில் இடியோடு மழை வரலாம், ஆகவே காலையிலேயே அடித்து முடிக்க வேண்டும். கிடுகுக் கொட்டிலுக்குச் சுற்றிவரத் தறப்பாள் கட்டி, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, காற்றுப் போக ஒரு பக்கம் திறந்துவிட்டு நாங்கள் அடித்தோம். சுத்தமாகத்தான் வந்தது, ஒரு நுளம்பு மட்டும் கிறிலில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

நான் கடைசியில் செய்தது இதுதான். பம்பரை முலாம் பட்டறையில் கழற்றக் கொடுத்து, பொலியெஸ்டர் பவுடர். கிறிலுக்கும் கண்ணாடி மூடிக்கும் தேய்த்து எபொக்சி பிறைமர், பெயின்ட், கிளியர். கதவுப் பிடிகளுக்கு ஸ்டிக்கர், ஏனென்றால் மோதிரமும் திறப்பும் பட்டு எப்படியும் அது கீறும், கீறினால் மாற்றிவிடலாம். காவல் குழாய் அப்படியே. கையில் காசு குறைவென்றால் பம்பருக்கும் பெயின்டே போதும், தேய்ப்பில் மட்டும் கள்ளம் செய்யக் கூடாது.

யாரிடம் கொடுத்தாலும், காசு கொடுக்க முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். வெளியில் தெரியாத உள் விளிம்பில், பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, பிளேட்டால் குறுக்கே ஆறு கோடும் நெடுக்கே ஆறு கோடும் பூச்சின் அடி வரைக்கும் கீறி, நல்ல ஒட்டுடைய டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் சதுரம் சதுரமாக நிறம் வந்தால் வேலை சரியில்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. கிறிலைக் கொடுக்கும்போது நான் சொன்னேன். பெயின்டர் அண்ணை கிறிலை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்ப நாளைக்கு வாரும் தம்பி. இன்னும் ஒருக்காத் தேய்க்கோணும்.”